மாத்திரை உறையில் ஒரு சூரியன்

நான் கடையை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் வாரத்துக்கு ஒரு தடவையாவது உங்களில் யாராவது போன் பண்ணி, "அக்கா, ஃபாண்ட் ஃபைலை ஐகானா மாத்த நல்ல சைட் எது?" என்று கேட்கிறீர்கள். நானும் சைட் பேரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்கு ஒரு சனிக்கிழமை ஞாபகம் வரும். ஏன் என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. முதலாளி பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது சொல்லிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு என்னைத் தெரியாது. நான் ரஸியா. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற நம் ஸ்டிக்கர் கடையில் இருபத்தாறு வருஷம் டிசைன் பார்த்தேன். ஊறுகாய் பாட்டில், ஜவுளிக்கடை கவர், கல்பாக்கம் ஆபீஸர் வீட்டுக் கல்யாணத் தாம்பூலப் பை என்று எது வந்தாலும் என் மேஜை வழியாகத்தான் போகும். எனக்கு வாய் நீளம், கோபம் அதிகம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். குறைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். எழுத்தின் ஓரம் பிசிறடித்திருந்தால் நான் ஆளையே பிசிறடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இந்தத் தப்பைச் செய்தேன்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. கிழக்கே கடலோரக் குப்பங்களிலிருந்தும் வருவார்கள், மேற்கே வயல்காட்டு ஊர்களிலிருந்தும் வருவார்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, மீதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. மாத்திரை போட்டுக் கொடுக்கிற காகித உறையில் எழுத்துக்குப் பதிலாகப் படம் ஒட்டிவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்களே என்றார். காலைக்கு ஒரு படம், மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. வேலை நம் கடைக்கு வந்தது.

எழுத்துகளுக்குப் பதிலாகப் படங்களே இருக்கும் ஃபாண்ட் உங்களுக்குத் தெரியும். 'A' அடித்தால் குடை வரும், 'B' அடித்தால் மேகம் வரும். அப்படி ஒன்றை நான் இலவசமாக இறக்கி வைத்திருந்தேன். ஆனால் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் அடிக்கிற சாஃப்ட்வேர் ஃபாண்டை ஏற்காது. "ஐகான் ஃபைலா குடுங்கக்கா, அதான் எடுக்கும்" என்று அதைப் போட்ட பையன் சொல்லிவிட்டான். சரி, ஆன்லைனில் மாற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். முதல் சைட் என் ஃபாண்டை வாங்கிக்கொண்டு, இரண்டு எழுத்தைப் படம் பிடித்து 'இந்தா ஐகான்' என்று திருப்பிக் கொடுத்தது. இரண்டாவது சைட்டில் படம் வந்தது, ஓரமெல்லாம் எலி கடித்தாற்போல். மூன்றாவது சைட்தான் ஒழுங்கு. ஃபாண்டில் இருந்த ஒவ்வொரு படத்தையும் தனித்தனி ஐகானாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கிலத்தில் பேரும் போட்டுக் கொடுத்தது. சூரிய உதயம், நடுப்பகல், சூரிய அஸ்தமனம் என்று பேர் சுத்தமாக இருந்தது. எனக்கு அந்தச் சைட்டைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

உதயத்துக்கு மலைக்குப் பின்னாலிருந்து எழுகிற பாதிச் சூரியன். அஸ்தமனத்துக்கு அலைகளுக்கு மேலே பாதிச் சூரியன். கடல் இருக்கிறதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். மாமல்லபுரம் பக்கத்து ஜனங்களுக்கு எவ்வளவு பொருத்தம் என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன்.

ராத்திரிக்கு நிலா இருக்க வேண்டியதுதானே என்று உங்களில் புத்திசாலி ஒருத்தி கேட்பாள். அந்த ஃபாண்டில் நிலாவும் இருந்தது, அழகான பிறை. நான்தான் ஒதுக்கினேன். சின்ன அளவில் பார்த்தால் அது பள்ளிவாசல் பிறை மாதிரியே இருந்தது. ரஸியா தன் ஆளுங்க சின்னத்தை ஊர் மாத்திரையிலெல்லாம் ஒட்டுகிறாள் என்று எவனாவது ஒருத்தன் கிளப்பிவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேர், கடைக்கும் கெட்ட பேர் என்று எனக்கு நானே பயந்துகொண்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு, ராத்திரிக்கு அந்தக் கடல் சூரியனையே வைத்துவிட்டேன்.

சோதித்தும் பார்த்தேன். முதலாளியிடம் காட்டினேன், சாஃப்ட்வேர் பையனிடம் காட்டினேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். திரையில் படத்துக்குக் கீழே பேர் இருந்தது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியும். அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, பேரைத்தான் படித்தார்கள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஸ்டிக்கர் ஓட ஆரம்பித்தது. சனிக்கிழமை காலையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் செய்த வேலையை ஜனங்கள் கையில் பார்க்க வேண்டும் என்று ஆசை. பஸ் ஏறிப் போய், மருந்து கவுண்டருக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன். கவுண்டரில் சுமதி. வேகமான கை, அதட்டினால் அழுதுவிடுகிற மனசு. எனக்குப் பிடித்த பெண்.

என் பக்கத்தில் குப்பத்துக்காரப் பெண்மணி ஒருத்தி உறைகளை மடியில் பரப்பி, பக்கத்து அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இத பாரு, இது கார்த்தால போட்றது. கடல்ல சூரியன் ஏறுது பாரு. இது மலையாண்ட எறங்குது, இத ராத்திரிக்குப் போட்டுக்கணும். படம் போட்டதும் எவ்ளோ ஈஸியா கீது!"

நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, கடல் படம் ராத்திரிக்கு இல்லையா?" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எந்தூரும்மா? நம்மூர்ல கடல்ல எங்க சூரியன் எறங்குது? கடல்லருந்துதான் வர்து."

அவள் மடியிலிருந்த உறையை எடுத்துப் பார்த்தேன். அந்த ஃபாண்டை வரைந்தவன் ஊரில் கடல் மேற்கே இருந்திருக்கும். நான் பிறந்து வளர்ந்ததும் இந்த ஜில்லாதான். மாமல்லபுரம் கரையில் உட்கார்ந்து சூரியன் எழுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அப்படியும் அஸ்தமனம் என்று ஒரு சைட் பேர் போட்டுக் கொடுத்ததும் என் கண்ணை அதனிடம் கொடுத்துவிட்டேன்.

சுமதியிடம் ஓடினேன். அவள் முகம் வெளுத்தாலும் கை நிற்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய உறையை வாங்கிப்போனவர்கள் பட்டியலை எடுத்தாள், ஒவ்வொரு மாத்திரையாகப் பார்த்தாள். பெரும்பாலும் சத்து மாத்திரை, கால்சியம். நேரம் மாறினாலும் ஒன்றும் ஆகாது என்று உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கேட்டு வந்தாள். நேரம் மாறக் கூடாத மாத்திரை வாங்கியவர்களில் இரண்டு பேரைப் போனில் பிடித்துவிட்டாள். ஒரே ஒரு பேரில் அவள் விரல் நின்றது.

"தேசப்பன். குப்பத்து ஆளு. நரம்பு வலிக்கு மாத்திரை. ராத்திரி போட்டுக்கினு படுக்கச் சொன்னது. போட்டா அடிச்சிப் போட்ட மாதிரி தூக்கம் வரும்க்கா."

"என்ன வேலை அவருக்கு?"

"போட்டுல மீன்புடிக்கப் போறாரு. விடியக்காலைல."

அவர் போன் எடுக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுண்டு. விடிகாலையில் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறிய ஒரு மனுஷன். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சுமதியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினேன். போகிற வழியில் முதலாளிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தணிந்த குரலில், "ரஸியாம்மா, நம்ம மிஸ்டேக்குனு வாயத் தொறந்துடாத. கவர் மாறிப்போச்சு, மாத்திக் குடுக்க வந்தோம்னு சொல்லி வாங்கிக்கினு வந்துடு. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் ஒன்பது பேருக்குச் சோறு போடுகிறவர், அந்தப் பயம்.

தேசப்பன் வீடு குப்பத்தில் கடைசி வரிசை. வாசலில் ஒரு கட்டைப்பை, வாய் கட்டி, வெளியூர் போகத் தயாராக இருந்தது. அவர் மனைவி கன்னியம்மா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

"கவர் மாறிப்போச்சும்மா, வேற குடுக்க வந்தோம்" என்றேன். முதலாளி சொன்ன வார்த்தையை அப்படியே ஒப்பித்தேன். "அவரு எங்கே?"

"போட்டுக்குப் போய்கீறாரு" என்றாள் எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

"மாத்திரை?"

"கார்த்தால டீ குடிச்சிட்டு ஒண்ணு போட்டுக்கினுதான் போனாரு."

சுமதி என் கையைப் பிடித்தாள். அந்த வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கடல் முழுக்கத் தெரியும். வெயிலில் பளபளவென்று, தூரத்தில் இரண்டு மூன்று புள்ளிகள். மணி பதினொன்று இருக்கும். காலி உறையை வாங்கிக்கொண்டு, 'சரிம்மா, வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு' என்று சொல்லித் திரும்பிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் நல்லபடியாகத் திரும்பினால் விஷயம் முடிந்தது. திரும்பாவிட்டாலும் மாத்திரைதான் காரணம் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அது வந்ததும் எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. கடலில் ஒரு ஆள் தூங்கி விழுந்துகொண்டிருக்கலாம், தேட ஆள் அனுப்ப வேண்டும், இங்கே நான் கடையின் பேரைக் கட்டிக்காக்கிறேன்.

"கன்னியம்மா, நான் சொன்னது பொய்" என்றேன். "கவர் மாறல. படம் தப்பு. அந்தப் படத்தப் போட்டவ நான்தான். உன் வீட்டுக்காரர் கார்த்தால போட்டது ராத்திரி மாத்திரை. போட்டா தூக்கம் தள்ளும். இப்பவே யாரையாவது படகு எடுத்துக்கினு போய்ப் பாக்கச் சொல்லு. அப்புறம் என்னை என்ன வேணா செய்."

அவள் அழுவாள், கத்துவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் முகம் வேறு மாதிரி ஆயிற்று.

"தூக்கம் வர மாத்திரையா?"

"ஆமா."

"கால் தள்ளாடுமா? நாக்கு கொழறுமா?"

"சில பேருக்கு ஆகும்" என்றாள் சுமதி.

"ஐயோ" என்று வாயில் கைவைத்தாள் கன்னியம்மா. "அந்த ஆளு கடலுக்கே போவலம்மா. ஒங்களாண்ட சொல்ல வெக்கமா இருந்துது, பொய் சொன்னேன். போட்டத் தள்ளும்போதே தடுமாறி வுழுந்துச்சாம். விடியறதுக்குள்ள ஏத்திக்கினு வந்துட்டான்னு சிரிச்சிட்டு, வலைக் கொட்டாயில போட்டுட்டுப் பூட்டாங்கோ. குடிய வுட்டு ரெண்டு வருசமாச்சு. என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணுச்சி. மறுபடி ஆரம்பிச்சிட்டானேன்னு நான் எட்டிக்கூடப் பாக்கல."

நான் என் வாழ்க்கையில் ஒரு ஆள் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்ற சேதியைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அல்லா, தரையில் இருக்கிறான், தரையில் இருக்கிறான் என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்று பேரும் சுடுமணலில் ஓடினோம். என் செருப்பு ஒன்று எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது.

கொட்டகையில் நீல வலைக் குவியல் மேல் தேசப்பன் மல்லாந்து கிடந்தார். குறட்டைச் சத்தம் வெளியே கேட்டது. அப்படி ஒரு இனிமையான குறட்டை நான் கேட்டதில்லை. சுமதி உட்கார்ந்து நாடி பார்த்தாள், அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கன்னியம்மா செய்தது வேறு. குனிந்து புருஷன் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"வாடையே இல்ல" என்றாள் எங்களைப் பார்த்து. "டீ வாடைதான் வர்து."

அப்புறம்தான் அழுதாள். அழுதுகொண்டே அவர் தோளில் இரண்டு அறை வைத்தாள். அந்த அறையில்தான் அவர் கண் திறந்தார்.

"போட்டு கடலுக்குப் பூட்ச்சா?" என்றார் தேசப்பன்.

"பூட்ச்சு. எழுந்துரு, ஒனக்கு ஆஸ்பத்திரிலேருந்து ஆள் வந்துகீது" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரம்மா பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்கட்டும், இன்றைக்குக் கடல் வேண்டாம் என்றார். உறையில் இருந்த படம் என்ன என்று நான் தேசப்பனிடம் கேட்டேன். தூக்கக் கலக்கத்திலேயே, "கார்த்தால சூரியன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஏன், ஒனக்கு சாய்ந்தரமா தெரியுதா?" என்று என்னை ரொம்ப இரக்கத்தோடு பார்த்தார். கண்ணுக்கு மருந்து அங்கேயே கிடைக்கும் என்றும் சொன்னார்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அவரும் அந்தப் படங்களைப் பார்த்துச் சரி சொன்னவர்தான். அன்று மதியமே பழைய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தியாயிற்று என்று முதலாளிக்குப் போன் பண்ணினேன். நான் உண்மையைச் சொல்லிவிட்டதையும் சொன்னேன். பத்து நிமிஷம் காய்ச்சி எடுத்தார். கடைசியில், "ஆள் நல்லா கீறானா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றதும், "அப்படின்னா சரி, வெச்சிடு" என்றார்.

சாயங்காலம் தேசப்பனை வீட்டில் விட்டபோது கன்னியம்மா எனக்கு ஒரு பழைய ரப்பர் செருப்பைத் தேடிக் கொடுத்தாள். வாசலில் அந்தக் கட்டைப்பை அப்படியே இருந்தது. அவள் அதைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"எங்கம்மா வூட்டுக்குப் போலாம்னு கட்டி வெச்சேன்" என்றாள். "நீ மட்டும் கவர் மாறிப்போச்சுன்னு சொல்லிட்டு அப்படியே போயிருந்தா, பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு நான் பூட்ருப்பேன். அது எழுந்து வந்து பாத்தா நான் இருந்திருக்க மாட்டேன்."

கடலில் விழுந்திருப்பாரோ என்ற பயத்திலேயே இருந்துவிட்டேன். கரையிலேயே ஒரு குடும்பம் விழப்பார்த்தது எனக்குத் தெரியவே இல்லை.

"அது சரி, இனிமே ராத்திரிக்கு இன்னா படம் போடப் போறே?" என்று அவளே பேச்சை மாற்றினாள். "நெலா போட வேண்டியதுதானே?"

ஒளிக்க அன்றைக்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. பிறை போட ஏன் பயந்தேன் என்று சொன்னேன். கன்னியம்மா என்னை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தாள்.

"நெலா இன்னா ஒங்க வூட்டு சொத்தா?" என்றாள். "எங்க வூட்டு மேலயும்தான் வர்து."

உள்ளே படுத்திருந்த தேசப்பன் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது.

பஸ்ஸில் மேற்கே திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றம் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. என் ஃபாண்டில் உதயம் என்று பேர் போட்டிருந்த அதே படம். எத்தனையோ வருஷமாக அந்த ரோட்டில் போய் வருகிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். மலையையும் போட முடியாது என்று அப்போதே முடிவு செய்தேன். மலைக்கு மேற்கே இருக்கிறவர்களுக்குச் சூரியன் அந்த மலையிலிருந்துதானே எழும்.

சைட் பேரை நீங்கள் எப்போது கேட்டாலும் தருவேன். ஃபைலை மாற்றுவதும், ஓரத்தைச் சுத்தம் பண்ணுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். மாற்றி முடித்த பிறகு ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். படத்துக்குக் கீழே இருக்கிற பேரை அழித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே போங்கள். அது யாருக்கோ, அவரிடம் காட்டுங்கள். இது என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைக் கேளுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து புதுப் படங்களை எடுத்தேன். காலைக்குச் சேவல். அதே ஃபாண்டில் கோழிக்கடைப் படமாக அது சும்மா கிடந்தது. ராத்திரிக்குப் பிறைநிலா, அதன் கீழே பாயில் படுத்திருக்கும் ஓர் ஆள். நிலாப் படத்தை மட்டும், ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல், கன்னியம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். 'இது என்ன?' என்று அடுத்ததாக ஒரு குரல் பதிவு அனுப்பிவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பதில் குரலாகவே வந்தது. பின்னால் தேசப்பன் யாரிடமோ மீன் விலை பேசிக்கொண்டிருக்கிற சத்தமும் கேட்டது.

"ராத்திரி. மாத்திரையப் போட்டுக்கினு படுக்கணும். இதக் கூடவா கேப்பே?"